திரும்பும் நாள் குறிக்கப்படாத பணி: பெங்களூரின் தொண்டர் காலாட்படையும் உள்நாட்டுப் போரும்

தொண்டர் படை என்ற சொல் இருவகைப் பொருளில் வழங்கிவருகிறது. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல், விரும்பிச் சேர்ந்தவர்களைக் கொண்ட படை என்பது அகன்ற பொருள். அந்தக் கணக்கில் இன்றைய இந்திய ராணுவம் முழுவதுமே தொண்டர் படைதான். தமக்கென்று தொழிலும் குடும்பமும் ஊரும் கொண்டவர்கள், ஆபத்துக் காலத்தில் மட்டும் சீருடை அணிந்து, ஆபத்து நீங்கியதும் பழைய வேலைக்குத் திரும்பிவிடும் ஏற்பாடு என்பது குறுகிய பொருள். இந்த இரண்டாவது வகை ஏற்பாட்டுக்குப் பெங்களூரில் 1868 முதல் ஒரு வரலாறு உண்டு: அவ்வாண்டு எழுந்த பெங்களூர் ரைஃபிள் வாலண்டியர்ஸ் படையிலிருந்து, இன்று அந்நகரைத் தாயகமாகக் கொண்ட பிராந்திய ராணுவத்தின் 106-ஆவது காலாட்படை பட்டாலியன் வரை அது நீள்கிறது. அந்த ஏற்பாட்டின் வலிமையும் குறையும் ஒரே வேரிலிருந்து பிறப்பவை: தொண்டருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு உண்டு, திரும்ப ஒரு நாளும் உண்டு என்பதே அந்த வேர். எல்லையில் நடக்கும் போருக்கு என்றாவது ஒரு போர்நிறுத்த நாள் வருகிறது; உள்நாட்டு மோதலுக்கு அப்படியொரு நாள் எளிதில் வாய்ப்பதில்லை என்பதால், தொண்டர் காலாட்படையை உரசிப் பார்க்கும் கல்லாக உள்நாட்டுப் போரே அமைகிறது.

உள்நாட்டுப் போர் என்பதையும் இங்கே வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே அரசின் ஆட்சிக்கு உட்பட்ட மக்களுக்குள்ளேயோ, அரசுக்கும் அதன் குடிமக்களில் ஒரு பகுதியினருக்கும் இடையிலோ ஆயுதமேந்தி நீண்டகாலம் நடக்கும் மோதலுக்கு அப்பெயர் பொருந்தும். அமெரிக்காவின் 1861–65 போரும் இலங்கையின் 1983–2009 போரும் ஐயத்துக்கு இடமின்றி அந்த வகையைச் சேர்ந்தவை. இந்திய அரசு தன் எல்லைக்குள் நடந்த எதையும் அப்பெயரால் அழைப்பதில்லை; உள்நாட்டுப் பாதுகாப்பு, கலக எதிர்ப்பு நடவடிக்கை என்பனவே ஆவணங்களில் காணும் சொற்கள். பெயர் எதுவாயினும், துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்க்கு எதிரில் இருப்பவர் வேற்று நாட்டுச் சீருடை அணிந்தவர் அல்லர். சில வேளைகளில் அவர் பேசும் மொழியும் சிப்பாயின் மொழியாகவே இருந்துவிடுகிறது.

பெங்களூருக்கும் இச்சிக்கலுக்கும் உள்ள தொடர்பு தொண்டர் படைக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படை முகாம் இங்கே மாற்றப்பட்டபோது, சென்னைப் படையின் சிப்பாய்களோடு சமையல்காரர், துணி வெளுப்பவர், குதிரைக்காரர், கொத்தனார், வணிகர் என்று ஆயிரக்கணக்கான தமிழர் வந்து குடியேறினர். கண்டோன்மென்ட்டைப் பேச்சில் தண்டு என்றே அழைத்தனர். தண்டு என்பது படையைக் குறிக்கும் பழைய சொல், சிவாஜிநகரின் தண்டு மாரியம்மன் பெயரில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. அல்சூர், சிவாஜிநகர், மர்ஃபி டவுன் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பெங்களூர் வரலாறு படை முகாமின் பின்னால் நடந்து வந்த ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

அந்த முகாமிலிருந்து 1857 ஆகஸ்டில் சென்னைப் படையின் 8-ஆவது குதிரைப்படை ரெஜிமென்ட் புறப்பட்டது. வடக்கே மூண்டிருந்த கிளர்ச்சியை ஒடுக்குவதற்காகச் சென்னை சென்று, அங்கிருந்து கப்பலேறி வங்காளம் போக வேண்டும் என்பது உத்தரவு. ஸ்ரீபெரும்புதூரை அடைந்ததும் வீரர்கள் நின்றுவிட்டனர். 1837-க்கு முன்பு இருந்த சம்பளம், படி, ஓய்வூதிய விகிதங்களைத் திரும்பத் தந்தாலன்றி முன்னே நகர மாட்டோம் என்றனர். அரசு இணங்கியது. அடுத்த கட்டமாகப் பூந்தமல்லி வரை வந்தவர்கள் மறுபடியும் நின்று, தம் நாட்டாருக்கு எதிராகப் போர் செய்யப் போவதில்லை என்று அறிவித்தனர். அவர்களுடைய ஆயுதங்களும் குதிரைகளும் பறிக்கப்பட்டன. பின்னர் ரெஜிமென்ட்டே கலைக்கப்பட்டது. இவர்கள் காலாட்படையினரும் அல்லர், தொண்டர்களும் அல்லர். சம்பளத்துக்கு நெடுங்காலம் பணியாற்றிய தொழில்முறை வீரர்கள். இருந்தும் அவர்கள் இரண்டு இடங்களில் நின்ற நிற்றலில் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் எழுந்தது ஒப்பந்தம் பற்றிய கேள்வி: எந்த நிபந்தனையில் சேர்ந்தோம், அது காக்கப்படுகிறதா? பூந்தமல்லியில் எழுந்தது எதிரி பற்றிய கேள்வி: யார் மேல் சுடச் சொல்கிறீர்கள்? முதல் கேள்விக்குப் பணத்தால் பதில் சொல்ல முடிந்த அரசுக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

1857-இன் அச்சமே தொண்டர் படைகளை ஈன்றது. அவ்வாண்டிலேயே சென்னை வாலண்டியர் கார்ட்ஸ் எழுந்தது. 1868-இல் பெங்களூர் ரைஃபிள் வாலண்டியர்ஸ் தோன்றியது. 1869-இல் இந்திய வாலண்டியர் சட்டம் வந்து இத்தகைய படைகளுக்குப் பொது விதிகளை வகுத்தது. அலுவலக எழுத்தர், ரயில்வே ஊழியர், பள்ளி ஆசிரியர், வணிகர் ஆகியோர் ஓய்வு நேரத்தில் அணிவகுப்பும் துப்பாக்கிச் சுடுதலும் பழகினர். சேர முடிந்தவர்கள் ஐரோப்பியரும் யூரேசியர் என்று அன்று அழைக்கப்பட்ட ஆங்கிலோ-இந்தியரும்தான். அயல்நாட்டுப் படையெடுப்பைத் தடுப்பது பெயரளவு நோக்கமாக இருந்தாலும், மீண்டும் ஒரு கிளர்ச்சி மூண்டால் ரயில் பாதை, கருவூலம், வெள்ளையர் குடியிருப்பு ஆகியவற்றைக் காப்பதற்கே இவர்கள் பயிற்சி பெற்றனர். நடக்கக்கூடும் என்று அஞ்சிய ஓர் உள்நாட்டுப் போருக்காக, நகர மக்களில் ஒரு சாராருக்கு மட்டும் ஆயுதம் கொடுத்த அமைப்பு அது. தண்டுக்கே உயிர் கொடுத்த தமிழர், அவர்களுடைய முன்னோர் சென்னைப் படையில் எத்தனை போர்களைக் கண்டிருந்தாலும், தம் ஊரின் தொண்டர் படையில் சேர முடியவில்லை.

இந்த விலக்கு சிறிய குறையன்று. தொண்டர் படைக்கு இருக்கக்கூடிய மிகப் பெரிய அறம், ஊரைக் காக்கும் பொறுப்பை ஊரார் அனைவரும் சமமாகப் பகிர்வது. அதை மறுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு சமூகத்தின் ஆயுதக் குழு மட்டுமே. இந்திய தேசிய காங்கிரஸ் தன் தொடக்க ஆண்டுகளிலேயே இதை உணர்ந்திருந்தது: 1886-ஆம் ஆண்டு கல்கத்தா மாநாட்டில், இந்தியரையும் தொண்டர் படையில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அரசு அசைந்துகொடுக்க முதல் உலகப்போர் வர வேண்டியிருந்தது. 1917-இல் இந்தியப் பாதுகாப்புப் படையும், 1920-இல் இரண்டு தனித்தனிச் சட்டங்களும் வந்தன. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் துணைப் படை, இந்தியருக்குப் பிராந்தியப் படை என்று பிரித்து, பழைய சுவரை இடிக்காமல் அதன் பக்கத்தில் இன்னொரு அறை கட்டியதுபோல் ஆயிற்று.

ஆனால் அந்த இரண்டாம் அறைதான் தென்னிந்தியருக்கு ஒரு பெரிய உதவி செய்தது என்பதை மறக்கக் கூடாது. சில இனத்தாரே போருக்குப் பிறந்தவர்கள், தென்னாட்டார் அதற்கு ஆகாதவர்கள் என்ற போர்மரபினக் கொள்கையின் பிடியில் சென்னைக் காலாட்படை ரெஜிமென்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டு, 1920-களின் இறுதியில் 3-ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முழுநேரப் பட்டாலியன்களும் மறைந்துபோயின. அந்தப் பெயரை அணையாமல் காத்தவை பகுதிநேரப் பிராந்தியப் பட்டாலியன்களே. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டு 1940-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டபோது அவையே கருவாக நின்றன. முழுநேரப் படை கைவிட்ட ஒரு மரபைப் பகுதிநேரப் படை அடைகாத்துக் கொடுத்தது. தொண்டர் படை வெறும் இரண்டாந்தர ஏற்பாடு என்று பேசுவோர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

தொண்டர் காலாட்படை உள்நாட்டுப் போரில் எப்படி இயங்கும் என்பதை முழு அளவில் காட்டியது அமெரிக்கா. 1861 ஏப்ரல் 15 அன்று அதிபர் லிங்கன் 75,000 பேரை மூன்று மாதப் பணிக்கு அழைத்தார்; போர் அதற்குள் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த மூன்று மாதம் என்ற எண்ணிலேயே தெரிகிறது. பின்னர் அது பெரும்பாலும் மூன்றாண்டாக நீண்டது. மாநில ஆளுநர்கள் ரெஜிமென்ட்களை எழுப்பினர். ஒரே ஊரின் பையன்கள் ஒரே கம்பெனியில் சேர்ந்தனர். பல இடங்களில் தம் அதிகாரிகளைத் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். அண்ணனும் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரனும் அருகருகே நின்ற வரிசையிலிருந்து ஒருவன் பின்வாங்கினால் அந்தச் செய்தி ஊருக்குப் போய்விடும் என்பதால், அந்தப் படைகளின் உறுதி சாதாரணமாக இருக்கவில்லை. அதே காரணத்தால் ஒரே பிற்பகலில் ஒரு சிற்றூரின் இளைஞர் கூட்டமே அழிந்துபோகவும் நேர்ந்தது. தேர்தலில் வென்ற கேப்டன் போரில் வெல்லத் தெரியாதவராக இருந்த கதைகளும் ஏராளம். அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் நிகழ்ந்தது: தேய்ந்துபோன பழைய ரெஜிமென்ட்டுக்குப் புது ஆள் அனுப்புவதைவிடப் புது ரெஜிமென்ட் எழுப்புவதையே பெரும்பாலான மாநிலங்கள் விரும்பின, புதிய அதிகாரப் பதவிகளை வழங்க அது வழி செய்தது. விஸ்கான்சின் போன்ற மாநிலங்கள் விலக்காக நின்று, பழைய படைகளிலேயே ஆள் நிரப்பின.

அந்தப் போரின் ஒரு சம்பவத்தை அருகிருந்து பார்ப்பது பயன்தரும். மேய்ன் மாநிலத்தின் 2-ஆவது காலாட்படை ரெஜிமென்ட் 1863 மே மாதத்தில் இரண்டாண்டுப் பணி முடிந்து வீடு திரும்பியது. ஆனால் அதில் 120 பேர் மட்டும் மூன்றாண்டுத் தாளில் கையெழுத்திட்டிருந்தது தெரியவந்தது. தாம் இரண்டாண்டுக்கே சேர்ந்ததாக நம்பியிருந்த அவர்கள், தம் கொடியும் தோழர்களும் ஊருக்குப் போன பின் எங்களுக்கு இங்கே என்ன வேலை என்று பணி செய்ய மறுத்தனர். துப்பாக்கி முனையில், பட்டினியோடு, அதே மாநிலத்தின் 20-ஆவது ரெஜிமென்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். மறுத்தால் சுடலாம் என்ற அதிகாரமும் அதன் தலைவர் சேம்பர்லினுக்குத் தரப்பட்டிருந்தது. போருக்கு முன் கல்லூரிப் பேராசிரியராக இருந்த அவர், முதலில் அவர்களுக்கு உணவளித்து, காவலை நீக்கி, குறையைக் கேட்டு, மேலிடத்துக்கு எழுதுவதாக வாக்களித்து, கம்பெனிகளில் பிரித்து அமர்த்தினார். ஏறத்தாழ எல்லோரும் துப்பாக்கி ஏந்தினர். ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க் களத்தில் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் இடது கோடியை அந்த ரெஜிமென்ட் தக்கவைத்தது. வரலாற்று நூல்கள் குன்றைப் பற்றி நிறைய எழுதுகின்றன. இங்கே முக்கியம் அந்த 120 பேரின் தாள்தான். தொண்டர் படையில் ஒழுங்கு குலைவது பெரும்பாலும் கோழைத்தனத்தால் நிகழ்வதில்லை. திரும்பும் நாள் பற்றிய வாக்கு மாறும்போதுதான் நிகழ்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நின்றவர்களும் மேய்னின் அந்த 120 பேரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

விடுதலைக்குப் பின் இந்தியா வகுத்த ஏற்பாடு, காலனியக் காலத்தின் இனப் பிரிவை முற்றிலும் நீக்கியது. 1948-இல் பிராந்திய ராணுவச் சட்டம் நிறைவேறியது. 1949 அக்டோபர் 9 அன்று அப்படையைத் தொடங்கிவைத்தவர் தலைமை ஆளுநர் ராஜாஜி. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்த ஒரு தமிழர், பழைய வெள்ளையர் தொண்டர் படையின் இடத்தில் குடிமக்கள் அனைவருக்குமான படையைத் தொடங்கிவைத்தார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 18 முதல் 42 வயதுக்குட்பட்ட, சொந்த வருவாய் உள்ள குடிமகன் இதில் சேரலாம். இது வேலைவாய்ப்பு அன்று, வேலையில் இருப்பவர் நாட்டுக்குத் தரும் நேரம் என்பதே அடிப்படைக் கருத்து. நகரப் பிரிவில் இருப்பவர் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் பயிற்சி பெறுவார். நான்கு மணி நேரப் பயிற்சி ஒரு நாளாகக் கணக்கிடப்படும். ஊரகப் பிரிவில் இருப்பவர் ஆண்டுக்கு இரண்டு மாதம் தொடர்ச்சியாகப் பயிற்சிக்கு வருவார். பணிக்கு அழைக்கப்பட்டவரை அவர் திரும்பி வந்ததும் மீண்டும் வேலையில் அமர்த்தும் கடமை முதலாளிக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது.

நான்கு மணி நேரம் ஒரு நாள் என்ற அந்தக் கணக்கில் ஒரு முழு உலகமே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலிருந்து கிளம்பி, அணிவகுப்பும் ஆயுதப் பயிற்சியும் முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் தொழிலாளி அந்தக் கணக்கின் நாயகர். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. என்று பொதுத்துறை ஆலைகள் சைரன் ஊதி ஷிஃப்ட் மாற்றிய பெங்களூர் போன்ற நகரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. நிலையான வேலை, நிரந்தர முகவரி, விடுப்பு தரத் தயங்காத அரசு முதலாளி ஆகிய மூன்றும் இருந்தால் இந்த ஏற்பாடு சிறப்பாக இயங்கும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது தள்ளாடத் தொடங்கும். மூன்று மாத முன்னறிவிப்பில் வேலை போகக்கூடிய தனியார் ஊழியருக்கும், அன்றன்றைய ஓட்டத்தில் கூலி பெறும் டெலிவரி இளைஞருக்கும் மீண்டும் வேலையில் அமர்த்தும் கடமை என்ற சட்டப் பிரிவு எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பது இன்றைய பெங்களூரில் கேட்டாக வேண்டிய கேள்வி. ஊரகப் பகுதிகளில் நிலைமை வேறு விதமாகத் திரிந்திருக்கிறது: வேலையில் இருப்பவருக்கென வகுத்த படையின் ஆள்சேர்ப்பு முகாம்களில் வேலை தேடுவோரே பெருந்திரளாகக் கூடுகின்றனர். அவர்களுக்கு இது பகுதிநேரத் தொண்டன்று, கைக்கெட்டும் ஒரே முழுநேர வாழ்க்கை.

இத்திரிபுக்குக் காரணம் ஆள்சேர்ப்பு முறை மட்டுமன்று. படை பயன்படுத்தப்பட்ட விதமும்தான். பிராந்திய ராணுவத்தினரை முழுநேரப் பணிக்கு அழைப்பதை எம்பாடிமென்ட் என்றும், அப்பணியிலிருந்து விடுவிப்பதை டிஸ்எம்பாடிமென்ட் என்றும் படையினர் வழக்கில் சொல்வர். 1962, 1965, 1971 போர்களில் அழைக்கப்பட்ட பிரிவுகள் போர் முடிந்ததும் விடுவிக்கப்படக்கூடிய நிலை இருந்தது. எதிரி யார், போர் எப்போது முடிந்தது என்பவை தெளிவாக இருந்தன. இலங்கையில் 1987 முதல் 1990 வரை நடந்த அமைதிப்படை நடவடிக்கை, பஞ்சாப், வடகிழக்கு, காஷ்மீர் ஆகிய இடங்களின் பணிகள் அப்படிப்பட்டவை அல்ல. இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைக் காக்கப் போன அமைதிப்படை சில மாதங்களில் ஈழத் தமிழ் மண்ணில் இன்னொரு நாட்டின் உள்நாட்டுப் போருக்குள் நுழைந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட தன் வீரரை இழந்து திரும்பியது. அதே மண்ணில் அப்படையின் துப்பாக்கிகளுக்குத் தமிழ்ப் பொதுமக்களும் பலியாயினர். தென்னிந்தியச் சிப்பாய்களில் தமிழ் பேசுவோரும் இருந்த அந்தக் களத்தில் பூந்தமல்லியின் பழைய கேள்வி எத்தனை மனங்களில் எழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் அந்த அத்தியாயத்தைக் கடக்க முடியாது.

இலங்கையிலும் இதே திரிபு நிகழ்ந்தது. 1881-இல் தொடங்கும் மரபுடைய அந்நாட்டு இராணுவத் தொண்டர் படை, பகுதிநேரக் குடிமக்களுக்காக எழுந்தது. உள்நாட்டுப் போர் முற்றியபோது அதன் பட்டாலியன்கள் முழுநேரப் பணியில் ஆண்டுக்கணக்கில் நின்று, முகாம்களையும் பாதைகளையும் எல்லைக் கிராமங்களையும் காத்தன. தொண்டர் என்ற பெயர் அப்படியே இருக்க, தொண்டின் உள்ளடக்கம் மாறிவிட்டது.

பெங்களூரின் 106-ஆவது பட்டாலியன் பாராசூட் ரெஜிமென்ட்டைச் சார்ந்தது. அந்த ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமும் இந்நகரில்தான் இருக்கிறது. பிராந்திய ராணுவத்தினரை டெரியர் என்று அழைக்கும் வழக்கப்படி பெங்களூர் டெரியர்ஸ் என்பது இதன் செல்லப்பெயர். 2019 ஜூலை இறுதியில் இந்தப் பட்டாலியனின் பெயர் நாடெங்கும் ஒரே நாளில் தெரியவந்தது: கௌரவ லெப்டினன்ட் கர்னலாகிய கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி, ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 15 வரை காஷ்மீரில் இருந்த 106-ஆவது பட்டாலியனோடு தங்கி, ரோந்தும் காவலும் செய்வார் என்று ராணுவம் அறிவித்தது. செய்தியின் வெளிச்சம் முழுவதும் அவர் மீது விழுந்தது இயல்பே. பதினைந்து நாள் பணிக்காகத் தன் ஆட்டத்தை ஒதுக்கிவைத்த அவருடைய ஈடுபாடும் பாராட்டத்தக்கதே. ஆனால் அந்த அறிவிப்பில் இன்னும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருந்தது: தெற்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தாயகம் கொண்ட ஒரு குடிமக்கள் பட்டாலியன், விக்டர் ஃபோர்ஸ் என்ற கலக எதிர்ப்புப் படை அமைப்பின் அங்கமாகத் தெற்குக் காஷ்மீரில் பணியில் இருந்தது. தோனி திரும்பும் நாள் அறிவிப்பிலேயே இருந்தது. பட்டாலியனின் மற்ற வீரர்கள் திரும்பும் நாளை எந்தச் செய்தித்தாளும் கேட்கவில்லை.

வெகு தொலைவிலிருந்து வரும் தொண்டருக்கு மொழியும் நிலமும் தெரியாது என்ற குறைக்கு மாற்றாக, காஷ்மீரிலேயே உள்ளூர் இளைஞரைக் கொண்டு பிராந்திய ராணுவப் பட்டாலியன்கள் எழுப்பப்பட்டன. ஹோம் அண்ட் ஹார்த் என்று ராணுவம் அழைக்கும் இவ்வகைப் பிரிவுகளின் பெயரிலேயே வீடும் அடுப்பும் இருக்கின்றன: வீட்டையும் அடுப்பையும் காப்பவர் என்பது பொருள். உள்ளூர்ப் பேச்சு, உறவுமுறை, காட்டுப்பாதை ஆகியவற்றை அறிந்த படையாளின் மதிப்பை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. அந்நியப் படை என்ற கசப்பையும் அது ஓரளவு தணிக்கிறது. ஆனால் உள்நாட்டு மோதலில் வீடு என்பது முன்னணிப் போர்முனைக்கு அப்பாற்பட்ட இடமாக இருப்பதில்லை. 2020 ஆகஸ்ட் தொடக்கத்தில், பக்ரீத்துக்காக ஷோபியான் மாவட்டத்தில் உள்ள தன் வீட்டுக்கு வந்த பிராந்திய ராணுவ வீரர் ஒருவர் கடத்தப்பட்டார். அவருடைய வாகனம் எரிந்த நிலையில் கிடைத்தது. உடல் கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. திரும்பிப் போக ஒரு வீடு உண்டு என்பதே தொண்டரின் வலிமை என்றால், அந்த வீட்டின் வாசலிலேயே அவர் ஆயுதமின்றி அகப்படுகிறார் என்பதே அவருடைய மிகப் பெரிய பலவீனம்.

உரிமைகளின் பக்கம் வந்தால் குறைகள் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. பிராந்திய ராணுவத்தில் ஓய்வூதியம் பெற, அழைக்கப்பட்டுப் பணியாற்றிய காலம் மட்டும் மொத்தமாக அதிகாரிகளுக்கு 20 ஆண்டும் மற்றவர்களுக்கு 15 ஆண்டும் இருக்க வேண்டும். பகுதிநேரப் படைக்கு இந்த விதி நியாயமானதே. ஆண்டுக்கு இரண்டு மாதம் வருபவருக்கு முழு ஓய்வூதியம் தர இயலாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மோதல் பகுதியில் காவல் நின்று, பதினைந்தை எட்டுமுன் விடுவிக்கப்படுபவரின் கையில் என்ன எஞ்சும்? விட்டுவந்த பழைய வேலை அதற்குள் இல்லாமல் போயிருக்கும், சீருடைப் பணியும் ஓய்வூதியமாகக் கனிந்திருக்காது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இங்கே குறிப்பிடத்தக்கது. முழுநேர ராணுவத்தில் 25 ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் பிராந்திய ராணுவத்தின் சூழலியல் பட்டாலியன் ஒன்றில் சேர்ந்த வீரர், பணிக்காலத்தில் நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்தார். சூழலியல் பிரிவினருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் இல்லை என்று அரசு வாதிட்டது. அப்படிப்பட்ட பயன்களைக் கோர மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பதையும் காட்டியது. பேரம் பேசும் வலிமையில் சமமில்லாத இருவருக்கிடையே எழுதி வாங்கிய அத்தகைய உறுதிமொழி அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறிய நீதிமன்றம், ஓய்வூதியம் தர உத்தரவிட்டது. மேய்ன் வீரர்களின் மூன்றாண்டுத் தாளுக்கும் இந்த உறுதிமொழித் தாளுக்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டு கழிந்திருக்கிறது. கையெழுத்திடுபவர் என்ன புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறார் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இவற்றைக் கொண்டு தொண்டர் காலாட்படையே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறாகும். பெரிய முழுநேரப் படையை எக்காலமும் சுமப்பதைவிட, தேவைக்கு விரியும் சிறுபடை குடியரசுக்கு ஏற்றது. படைக்கும் நகருக்கும் இடையே சுவர் எழாமல் தடுப்பதும் அதுவே. 1982-இல் டெஹ்ராடூனில் தொடங்கிய சூழலியல் பட்டாலியன்கள் சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையான மசூரி மலைகளில் மரம் வளர்த்தது, துப்பாக்கி இல்லாத இடத்திலும் இந்த ஏற்பாடு பயன்படும் என்பதற்குச் சான்று. சட்டத்திலுள்ள எந்த நபரும் என்ற சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்று 2018 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியதும், ஒரு காலத்தில் பெங்களூரில் தமிழரை வெளியே நிறுத்திய அந்தப் பழைய வாசல் இன்னும் அகலத் திறந்ததைக் காட்டுகிறது. குறை இருப்பது பணியின் எல்லையில்தான். குறுகிய, முடிவு தெரிந்த ஆபத்துக்காக வடிவமைத்த கருவியை, முடிவு தெரியாத மோதலில் நிரந்தரக் காவலுக்கு நிறுத்தும்போது, பகுதிநேரத்தின் சிக்கனம் அரசுக்கும் முழுநேரத்தின் சுமை வீரருக்கும் போய்ச் சேர்கின்றன. அழைப்பாணையிலேயே தனி வீரருக்கான அதிகபட்சக் காலத்தை எழுதுவதும், அந்தக் காலத்துக்கு மேல் நிறுத்தினால் பணியாற்றிய ஆண்டுகளுக்கு ஏற்ற விகிதத்தில் ஓய்வூதியம் தருவதும், வேலை இழப்புக்கு முதலாளியை மட்டும் நம்பாமல் அரசே ஈடு செய்வதும் அந்தப் பங்கீட்டைச் சற்றேனும் நேராக்கும்.

2025 மே மாதத்தில் பாகிஸ்தானுடன் மோதல் மூண்ட நாட்களில், பிராந்திய ராணுவத்தினரைப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை மத்திய அரசு ராணுவத் தலைமைத் தளபதிக்கு அளித்தது. அப்போதிருந்த 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ, தென் மண்டலம் தொடங்கி அந்தமான் நிக்கோபார் வரை பல கட்டளைப் பகுதிகளில் அழைக்க அந்த ஆணை இடம் தந்தது. நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அழைக்க வேண்டும் என்றும், வேறு அமைச்சகத்துக்காக அழைத்தால் செலவை அந்த அமைச்சகத்தின் கணக்கில் எழுத வேண்டும் என்றும் அதில் விரிவாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆணை செல்லுபடியாகும் காலமும் நாள் பிசகாமல் குறிக்கப்பட்டிருந்தது: 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை. எல்லைச் சண்டை நான்கு நாளில் நின்றது. ஆணைக்கு அதன்பின் இரண்டே முக்கால் ஆண்டு மிச்சம் இருந்தது.